சுகமில்லாத முயலைக் குளிப்பாட்டாமல் சுத்தம் செய்வது எப்படி

முயலின் பின்பக்கம் அழுக்கானால் யாழ்ப்பாணத்தில் எங்கள் கால் முதலில் கிணற்றடிக்குத்தான் போகும். நாயை அங்கேதான் குளிப்பாட்டுகிறோம், நாங்களும் அங்கேதான் குளிக்கிறோம். முயலுக்கும் இரண்டு வாளி ஊற்றினால் என்ன என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. வயிற்றோட்டம் பிடித்துச் சுருண்டு கிடந்த வெள்ளை முயலைத் தூக்கிக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டுத் தலையிலிருந்து வால்வரை கழுவி, துவாயால் துடைத்துக் கூட்டில் விட்டேன். மார்கழி மாதம், வாடைக்காற்று. விடியப் பார்த்தபோது அது விறைத்துக் கிடந்தது. வருத்தம்தான் கொன்றது என்று வீட்டில் சொன்னார்கள். அந்தக் குளிப்பும் சேர்ந்துதான் கொன்றது என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. புதிதாக முயல் வளர்ப்பவர்கள் யாரும் அதே பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முயலின் உடம்புச் சூடு இயல்பிலேயே 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கும். எங்களுக்கு இதமாக இருக்கும் கிணற்றுத் தண்ணீர் அதற்குக் குளிர். அதன் அடி உரோமம் பஞ்சு போல அடர்த்தியானது. ஒருமுறை ஊறினால் காய மணிக்கணக்காகும். சுகமான முயலே இதில் நடுங்கிப் போகும். சாப்பிடாமல் சோர்ந்து கிடக்கும் முயலுக்குத் தன் சூட்டைக் காப்பாற்றும் பலம் இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. முயலின் எலும்புகள் உடம்பு எடையில் 8 வீதம் அளவுதான், ஆனால் பின்னங்கால் தசையோ மிகவும் பலமானது. தண்ணீரைக் கண்டு பயந்து ஓங்கி உதைத்தால் தன் முள்ளந்தண்டைத் தானே முறித்துக்கொள்ளும். ஆகவே முழுக் குளிப்பு எப்போதுமே வேண்டாம். அழுக்கான இடத்தை மட்டும், முடிந்தவரை தண்ணீர் இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். நனைத்தால் தோல்வரை காயவைக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்

முதலில் முயலைத் தூக்காமல், கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடம் பாருங்கள். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். 10, 12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை. தண்ணீர் மாதிரி வயிற்றோட்டம் போகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. காது குளிர்ந்து, உடம்பு துவண்டிருக்கிறது. கூனிக் குறுகி இருந்தபடி பல்லை நறநறவென்று கடிக்கிறது. அது நோவின் சத்தம். வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி, வாய் திறந்தால் நிலைமை மிக மோசம் என்று அர்த்தம். உரோமத்துக்குள் புழு நெளிகிறது. புழுவைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வெக்கையில் அதுதான் பெரிய எதிரி.

காது குளிர்ந்திருந்தால், போகும் வழியிலும் சூடு வேண்டும். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய துணியால் நன்றாகச் சுற்றி, முயலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் அது விலகிப் படுக்க இடமும் விடுங்கள். கொண்டுபோகப் பனையோலைக் கடகம் நல்லது. அடியில் துவாய் விரித்து, மேலே மெல்லிய துணி கட்டினால் காற்றும் வரும், முயலும் ஒதுங்கி இருக்கும். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஓட்டோ பிடியுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று நான்கு துவாய்கள், தேய்ந்த பருத்திச் சாறம் ஒன்று, பஞ்சு, அகலப் பல் சீப்பு, குசினியில் இருக்கும் சோளமா. சோளமா என்று நான் சொல்வது கடையில் பைக்கற்றில் விற்கும் வெள்ளைக் கோர்ன்ஃபிளவர். குழந்தைக்குப் பூசும் பவுடரைப் பலர் எடுப்பார்கள். அதில் டல்க் இருந்தால் அந்தத் தூசி முயலின் நெஞ்சுக்குள் போய்க் கேடு செய்யும், வாசனையும் கூடாது. சோளமாவை நக்கினாலும் பயமில்லை.

உப்புத் தண்ணீரையும் முதலே தயார் செய்யுங்கள். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தட்டையான ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் ஏற்கெனவே உவர். அதில் மேலும் உப்புப் போட்டால் புண் எரியும். அப்படியான வீட்டில் குடிக்க எடுக்கும் நல்ல தண்ணீரையே பாவியுங்கள்.

நேரமும் முக்கியம். காலை எட்டு, ஒன்பது மணி எனக்குச் சரிவரும். மத்தியான வெக்கையில் முயல் ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும், 30 பாகைக்கு மேலே போனாலே அதற்குக் கஷ்டம். பின்னேரம் தொடங்கினால் இருட்டுவதற்குள் காயாது.

பிடிக்கும் விதம்

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும். மேசையில் வேண்டாம், நிலத்தில் பாய் விரித்து இருங்கள். துள்ளினாலும் விழ உயரம் இருக்காது. காதில் பிடித்துத் தூக்குவது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் எப்போதும் எதன் மீதாவது ஊன்றி இருக்க வேண்டும். காற்றில் தொங்கினால் உதைக்கும்.

மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கும் என்று சிலர் காட்டித் தருவார்கள். அது சுகத்தில் கிடப்பதல்ல. பிடிபட்ட பிராணி செத்தது போலக் கிடக்கும் பயம் அது. சுகமில்லாத முயலை அப்படிப் போடவே கூடாது. வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டுமானால், பிடிப்பவர் முயலின் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து, பின்னங்கால்களை உள்ளங்கையில் ஏந்தி, அரை நிமிடம் நிமிர்த்திப் பிடித்தால் போதும்.

காய்ந்த அழுக்குக்குச் சோளமா

பத்தில் ஏழெட்டுத் தடவை எனக்கு இதுவே போதுமாக இருந்திருக்கிறது. ஃபானை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மாத்தூள் நேரே முயலின் மூக்குக்குப் போகும். இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கையில் எடுத்து, அழுக்கான இடத்தில் மட்டும் வைத்து, விரல் நுனியால் உரோமத்தின் அடிவரை மெல்லப் பிசையுங்கள். பிசுபிசுப்பு மாவில் ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டையாகும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அந்த உருண்டைகளை விரலால் உதிர்த்து எடுங்கள். பிறகு சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போங்கள். மிஞ்சிய மாவைத் தட்டி விடுங்கள்.

தோல் சிவந்தோ உரிந்தோ ஈரமாகவோ இருந்தால் அந்த இடத்தில் மா வேண்டாம். ஈரத்தில் பட்டால் பசையாகி ஒட்டிக்கொள்ளும்.

சிக்குப் பிடித்துத் திரடாகிப் போயிருந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். முயலின் தோல் ஈரக் கடதாசி போன்றது. சிக்கை இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். சோளமா போட்டு, சிக்கின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, மேலே மட்டும் இழை இழையாகப் பிரியுங்கள். ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. பிரிக்க முடியாததை மிருக வைத்தியர் மெஷினால் வழித்து எடுப்பார். ஒன்று மட்டும் கவனம், பாதத்தின் அடியில் உள்ள உரோமத்தை யாரும் வெட்டக்கூடாது. முயலுக்கு நாயைப் போலப் பாதத்தில் மெத்தை இல்லை, அந்த உரோமம்தான் செருப்பு.

ஒட்டிய அழுக்குக்கும் எரிந்த தோலுக்கும்

மா எடுபடாத இடத்தில் பஞ்சு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தோய்த்து, பிழிந்து, ஒட்டியிருக்கும் அழுக்கின் மேல் வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம். ஊறியதும் தானாக வழுகி வரும். ஒரு பஞ்சை ஒரு தடவைதான் பாவிக்க வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தை முடித்து, சாறத் துணியால் ஒற்றிக் காயவைத்து, அதன் பிறகு அடுத்த இடத்துக்குப் போங்கள். எழும்பி நடக்கவே முடியாத முயலுக்கு இதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். பாதி அழுக்கு மிஞ்சினாலும் பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்.

சிறுநீர் பட்டுப் பட்டு உள்தொடை சிவந்து, முடி கொட்டி, அவிந்தது போல இருந்தால் அது முயலுக்குக் கடும் நோவு. நோவோடு இருக்கும் முயல் சாப்பாட்டை நிறுத்தும். சாப்பாட்டை நிறுத்தினால் குடல் ஓட்டம் நின்றுபோகும். அப்படியான தோலுக்கு உப்புத் தண்ணீரால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்தி, நோ மருந்துக்கு வைத்தியரிடம் காட்டுங்கள்.

தண்ணீரில் இறக்கத்தான் வேண்டும் என்றால்

முயல் சாப்பிடுகிறது, துடிப்பாக இருக்கிறது, ஆனால் வால் பக்கம் முழுவதும் ஒட்டிக் காய்ந்து கட்டியாகிவிட்டது என்றால் மட்டும் இந்த வேலை. அப்போதும் பின்பக்கம் மாத்திரம்.

அகலமான பேசினில் துவாயை மடித்துப் போடுங்கள், கால் வழுக்காது. ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குழந்தைப் பிள்ளைக்குத் தண்ணீர் பார்ப்பது போலத்தான். பிடிப்பவர் முன்னங்கால்களைப் பேசின் விளிம்பிலோ தன் கையிலோ வைத்துக்கொள்ள, பின்பக்கத்தை மெல்ல இறக்குங்கள். கோப்பையால் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டியை ஊறவிட்டு விரலால் நீவி எடுங்கள். சவர்க்காரமும் ஷாம்பூவும் தேவையில்லை, ஊறினாலே போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். உதைக்கத் தொடங்கினால் உடனே வெளியே எடுத்துத் துவாயில் சுற்றுங்கள், அழுக்கு போனதோ போகவில்லையோ.

இனி, உண்மையான வேலை காயவைப்பதுதான். முதல் துவாயால் அழுத்தி ஒற்றி, அது ஈரமானதும் அடுத்ததை எடுங்கள். தேய்த்தால் திரும்பவும் சிக்காகும். ஹெயார் டிரையர் இருந்தால் ஆகக் குறைந்த சூட்டில், ஒரு முழ தூரத்தில், உங்கள் மற்றக் கையை முயலின் உரோமத்துக்குள் வைத்தபடி பிடியுங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் முயலுக்கு ஏற்கெனவே சுட்டுவிட்டது. சத்தத்துக்கு அரண்டால் விட்டுவிட்டுத் துவாயாலேயே செய்யுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஃபானுக்கு நேரேயும் வேண்டாம். ஒன்று சூட்டால் வருத்தும், மற்றது குளிரால்.

மேலே தடவிக் காய்ந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம். உரோமத்தை விரலால் விலக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். ஐப்பசி கார்த்திகை மழைக்குள் இரண்டு மணியும் ஆகும். கரண்ட் நிற்கும் என்று அறிவித்த நாளில் தண்ணீர் வேலையைத் தொடங்காதீர்கள்.

புழு

மாம்பழக் காலமும் பனம்பழக் காலமும் வந்தால் முற்றம் முழுக்க இலையான். ஈரமான, மணக்கும் உரோமம் கண்டால் அதற்குள் முட்டை இடும். இளமஞ்சள் நிறத்தில், குறுணி அரிசி ஒட்டியது போலக் கொத்தாக இருக்கும். எங்கள் சூட்டில் ஒரு நாள்கூட ஆகாமல் பொரித்து, புழு தோலைத் தின்னத் தொடங்கும். காலையில் நன்றாக இருந்த முயல் அடுத்த நாள் அதிர்ச்சியில் செத்துப்போகலாம்.

முட்டை மட்டும் என்றால் சீப்பாலும் இடுக்கியாலும் ஒன்று விடாமல் எடுங்கள். புழுவைக் கண்டால் அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியரிடம் போக வேண்டும். கிளம்புவதற்குள் வெளியே தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுக்கலாம். தண்ணீரில் முக்காதீர்கள், நனைந்த உரோமத்தை வழிப்பது வைத்தியருக்குக் கஷ்டம், ஈரம் இன்னும் இலையானைக் கூப்பிடும். மாட்டுப் புண்ணுக்குச் செய்வது போலக் கற்பூரம், மண்ணெண்ணெய், பினைல் எதையும் ஊற்றாதீர்கள். புழு சாவதற்கு முன் முயல் செத்துவிடும்.

பூசக் கூடாதவை, கொடுக்கக் கூடாதவை

டெட்டோல் வேண்டாம். சித்தாலேப, நீலகிரித் தைலம் போன்ற காரமான மணமுள்ளவை வேண்டாம். குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்குப் பூசும் கிறீம்களில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும். முயல் நக்கி விழுங்கினால் நஞ்சு. ஸ்டெரொயிட் கலந்த தோல் கிறீமும் கூடாது. மஞ்சள் அரைத்துப் பூச அம்மம்மாமார் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் அதைப் பூசிவிட்டால் தோல் சிவந்திருக்கிறதா, புண் பரவுகிறதா என்று பார்க்கவே முடியாது. நாய்களுக்கான தெள்ளு மருந்துகளில் ஃபிப்ரோனில் என்று எழுதியிருந்தால் அது முயலின் உயிருக்கே ஆபத்து.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின் மிகக் கொடியது. எங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் மருந்து போலத் தெரியும். முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, சில நாட்களில் வயிற்றோட்டத்தோடு கொன்றுவிடும். அயலில் ஒரு வீட்டில் நல்ல மனதோடு அப்படிக் கொடுத்து ஒரு குட்டியை இழந்தார்கள்.

அழுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

முயல் பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் பிராணி. அழுக்காக இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. நான் போன மிருக வைத்தியர் ஒருவர், துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுபோன முயலைப் பார்த்துவிட்டு, "ஊத்தையோடை கொண்டு வந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியிருக்கும், தம்பி" என்றார். அதிலிருந்து நான் துடைக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன்.

நாடியும் கழுத்தும் நனைந்திருந்தால் எச்சில் வடிகிறது. பெரும்பாலும் பல் நீண்டு குத்துகிறது. முன்னங்காலின் உட்புறம் திரைந்து ஒட்டியிருந்தால் மூக்கு வடிவதைக் காலால் துடைத்திருக்கிறது, சுவாச நோய். பின்தொடையும் அடிவயிறும் சிறுநீரில் ஊறியிருந்தால் சிறுநீர்ப்பையில் கல்லோ சேறோ, முள்ளந்தண்டு வருத்தமோ, மூட்டு நோவோ இருக்கலாம். சிறுநீர் செம்மஞ்சளாகவோ சுண்ணாம்புத் தண்ணீர் போலவோ இருப்பது மட்டும் நோயல்ல, முயலுக்கு அது வழமை. முதுகில் வெள்ளைப் பொடுகு அழுக்கல்ல, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியாக இருக்கலாம். காதுக்குள் தடித்த பொருக்கும் அப்படித்தான். பிய்த்தால் இரத்தம் வரும், தொடாதீர்கள்.

வால் பக்கத்தில் ஒட்டுவதைத்தான் அதிகம் பேர் வயிற்றோட்டம் என்று பயப்படுகிறார்கள். முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். உருண்டையான காய்ந்தது ஒன்று. மற்றது சின்னத் திராட்சைக் குலை போன்ற மெதுவான, மணமுள்ள புழுக்கை. அதை வெளியே வரும்போதே குனிந்து தின்றுவிடும், அதில் அதற்குச் சத்து இருக்கிறது. உடல் பெருத்து, அல்லது நோவால் குனிய முடியாமல் போனால் அது நசிந்து ஒட்டிக்கொள்ளும். பாண், பிஸ்கற், சோறு, வாழைப்பழம் என்று ஊட்டினாலும் அது இளகி மிஞ்சும். அன்போடு கொடுக்கிறோம், எனக்கும் தெரியும். ஆனால் முயலின் சாப்பாட்டில் பெரும் பங்கு புல்லாகத்தான் இருக்க வேண்டும். அறுகம்புல்லும் கினிப்புல்லும் எங்கள் வேலியோரத்திலேயே கிடைக்கிறது, நிழலில் காயவைத்தும் கொடுக்கலாம். ஒரேயடியாக மாற்றாமல், ஒரு கிழமை இரண்டு கிழமையாகப் பாணைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

முடித்த பிறகு

கூட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டே முயலை விடுங்கள். கம்பித் தளம் என்றால் பாய்த்துண்டு அல்லது காய்ந்த வைக்கல் போட்டு, ஈரமானதை அன்றாடம் மாற்றுங்கள். பகலில் இலையான் புகாதபடி நுளம்பு வலைத்துணி கட்டலாம். உங்கள் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

முயலுக்கு முன்னால் புல்லையும் தண்ணீரையும் வைத்துவிட்டு ஒதுங்கி இருங்கள். பயந்து போயிருக்கும், ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் மணந்து பார்க்காமல், வாயில் எடுக்காமல் இருந்தால் கவனம். இரவு படுக்கப் போகும் முன் கூட்டில் புதிய புழுக்கை விழுந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். சுகமாகும்வரை காலையிலும் மாலையிலும் வாலைத் தூக்கி அடியைப் பாருங்கள். வெக்கைக் காலத்தில் மத்தியானமும் ஒருமுறை. காலையில் புழுக்கை ஒன்றும் இல்லை என்றால், அழுக்கு எவ்வளவு போயிருந்தாலும் சரி, கடகத்தை எடுங்கள்.